தொண்ணூற்றாறாம் பக்கத்தில் பஸ்ரியன்

1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து சோறும் சாப்பிட்டு முடித்த பிறகு, கிளடிஸ் தன் ஒரே மகன் பஸ்ரியனை ஒரு புத்தகத்தின் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கண்டாள். அந்தப் புத்தகம் அச்சானது 1931இல். பஸ்ரியன் மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்தது 1972இல். கணக்கு உதைக்கிறது என்று முதலில் சொன்னவர் அவளுடைய கணவர் றெமிஜியஸ். எழுத்தில் இருப்பதை எழுத்தில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சற்று நேரத்தில் தீர்ப்புச் சொன்னவரும் அவரே. அதற்குப் பிறகு, கனடாவில் வோபர்னில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் இதைப் பற்றி எவரும் வழக்காடவில்லை.

புத்தகத்தை எழுதியவர் வோல்ரர் வில்லட் என்ற கனடாக்காரர். முதலாம் உலகப்போரில் பெல்ஜியத்துச் சேற்றுக்குள் இருபத்தொரு மாதம் பதுங்குகுழியில் கிடந்தவர். கிடந்த கதையை உள்ளது உள்ளபடி எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து, விற்க முடியாமல் போன பிரதிகளைக் கட்டிலுக்குக் கீழே நான்கு பெட்டிகளில் வைத்திருந்தார். கிளடிஸ் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருநூற்றுப் பதினாலாம் அறை அவருடையது, வயது தொண்ணூற்றெட்டு. தேநீர் கொண்டுவருகிறவர், படுக்கை விரிக்கிறவர், கால்நகம் வெட்ட வருகிறவர் என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுப்பார். வாங்கியவர்கள் ஆடுகிற மேசைக்காலுக்கு அதை அண்டை கொடுத்தார்கள். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு குணம் இருந்தது. அண்டை கொடுத்தவர்களே ஒருநாள் குனிந்து எடுத்து இரண்டு பக்கம் பார்ப்பார்கள், பிறகு மேசை ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிடுவார்கள். இன்னொரு குணமும் உண்டு. எந்தக் கோடையிலும் அதன் தாள் காயாது. விரித்து வைத்தால் ஒரு தேக்கரண்டி அளவு சேற்றுத் தண்ணீர் மேசையில் வடியும். இல்லத்தில் துப்புரவு செய்கிறவர்கள் அதற்கென்று ஒரு பழந்துணி வைத்திருந்தார்கள்.

கிளடிஸுக்கு வேலைக்குத் தேவையான ஆங்கிலம்தான் தெரியும், ஆகவே புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தாள். றெமிஜியஸ் மன்னார் நீதிமன்றத்தில் இருபத்தொன்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரில் அந்த உத்தியோகம் பார்க்கிறவரை முதலியார் என்பார்கள். இப்போது பிறம்ரனில் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறார். முதலியார் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. சாட்சி 'நான் கண்டேன்' என்றால் முதலியாரும் 'நான் கண்டேன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'கண்டாராம்' என்றால் அது முதலியாருடைய கதையாகிவிடும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த இருபத்தொன்பது வருடத்தில் அவர் ஆயிரம் தடவை 'நான்தான் வெட்டினேன்' என்றும் அதைவிட அதிகமாக 'நான் அந்த இடத்திலேயே இல்லை' என்றும் சொல்லியிருப்பார். வீட்டில் மட்டும், தன்னைப் பற்றி 'நான்' என்று தொடங்கி அவர் ஒரு வசனம் பேசியதாகக் கிளடிஸுக்கு ஞாபகமில்லை.

இடது புருவத்தில் வெட்டுக்காயத்தோடு வளர்ந்த பஸ்ரியன் 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இயக்கத்துக்குப் போனவன். போகிற காலை, படலையடியில் நின்று "அப்பா, போட்டு வாறன்" என்றான். றெமிஜியஸ் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "போறதெண்டால் போ" என்றார். பின்னேரம் பசியோடு திரும்பி வருவான் என்று நினைத்துச் சொன்ன சொல் அது. அவன் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அடுத்த வருடம் இவர்கள் கனடாவுக்கு வந்துவிட்டார்கள். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்ல றெமிஜியஸுக்கு வாய் வரவில்லை. அவருக்காகக் கிளடிஸும் சொல்லவில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒரு பெயரைச் சொல்லாமல் ஐந்து வருடம் குடும்பம் நடத்துவது லேசான காரியமல்ல.

ஞாயிறுதோறும் அவர் வாசித்தார். நீதிமன்றத்தில் நிற்பதுபோல எழுந்து நின்று, ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைக் கண்ணால் பார்த்து, தமிழில் அதைச் சொன்னார். "எனக்குக் குளிருது. என்ர கால் எனக்கு இருக்குதோ எண்டே தெரியேல்லை" என்று கணவர் சொல்வதைக் கேட்டுக் கிளடிஸ் முதல்நாள் எழுந்துபோய்க் கம்பளி கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினாள். "உது நானில்லை, சாட்சி" என்றார் அவர். ஆனால் கம்பளியைக் கழற்றவில்லை. அப்படியே சாட்சியின் குளிரோடும் பேனோடும் தொண்ணூற்றைந்து பக்கம் போயிற்று. தொண்ணூற்றாறாம் பக்கத்தில் வில்லட் இப்படி எழுதியிருந்தார்: விடியற்காலை எங்கள் குழிக்குள் ஒரு கறுத்த மெலிந்த பொடியன் வந்து விழுந்தான். எந்தப் படைப்பிரிவு என்று கேட்டேன். வழி தவறிவிட்டேன் என்றான். இடது புருவத்தில் பழைய வெட்டுக்காயம். பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றான், கடைசி வாய்ப் பாணைத் தின்னாமல் காகத்துக்கென்று வெளியே வைத்தான். அங்கே காகம் இல்லை, எலிதான் வந்து தின்றது. பெயர் பஸ்ரியன்.

றெமிஜியஸ் கடமையில் இருந்தபடியால் பெயரையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள் கிளடிஸ். "அவன்ரை பேர் பஸ்ரியன்" என்றார். சாட்சியத்தைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அவள் நான்கு தடவை கேட்டாள், நான்கு தடவையும் சொன்னார். நான்காவது தடவை புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது.

அடுத்தநாள் வேலைக்குப் போய் இல்லத்தில் மேசைக்கால்களுக்குக் கீழிருந்த பிரதிகளை எல்லாம் இழுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் பஸ்ரியன் இருந்தான். பிறகு இருநூற்றுப் பதினாலுக்குப் போய், பக்கத்தில் விரலை வைத்து, தன் நெஞ்சில் கையை வைத்து, "மை சன்" என்றாள். கிழவர் கொஞ்சமும் அதிசயப்படவில்லை. நல்ல பிள்ளை என்றும், பயந்தவனல்ல என்றும், ஆனால் அப்படி ஒரு நித்திரையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், குண்டு விழுந்தாலும் குறட்டை நிற்காது என்றும் சொன்னார். அவள் விளங்கியதில் பாதியை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் வெங்காயம் வெட்டாமலே அழுதாள், அழுதுகொண்டே இரண்டு தரம் சிரித்தாள்.

செய்தி மூன்றாம் மாடிக்கு இறங்கியது. அங்கிருந்த பாலேஸ்வரியின் மகளும் ஊரில் ஏதோ ஒரு பங்கருக்குள் இருந்தாள். பாலேஸ்வரி சைவக்காரி, அடுத்த ஞாயிறு விபூதி பூசிக்கொண்டு ஒரு சட்டி பால்கஞ்சியோடு வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மில்லிக்கனிலிருந்து ஒரு தாய் காரில் வந்தாள், பிறகு இன்னும் நாலைந்து பேர். அவர்களுடைய பிள்ளைகள் எவரும் புத்தகத்தில் வரவில்லை. ஒவ்வொருத்தியும் முதல் இரண்டு ஞாயிறு அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. ஊரிலிருந்து வருகிற பேப்பர்களில் எந்த முகாம் விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். பங்கருக்குள் மழை பெய்தால் எங்கே படுப்பார்கள், உடுப்புக் காய எத்தனை நாளாகும், இருட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவன் என்ன செய்வான் என்பதை எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை. வில்லட் அதைத்தான் எழுதியிருந்தார். ஜெயித்தது யார் என்பதை அவர் எழுத மறந்தேவிட்டார். அறுபத்துநாலு வருடமாக அந்தப் புத்தகத்தை ஒருவர் கை மாற்றி ஒருவர் படித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தாய்மார் கேட்கிற கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தது.

பஸ்ரியனுக்குக் காலுறை இல்லை என்று நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் சொன்னது. கிளடிஸுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை, எள்ளுருண்டை, மிளகாய்த்தூள், மடு மாதா படம் எல்லாம் வைத்து, மன்னார்க்காரி என்பதை மறக்காமல் அரைக் கிலோ கட்டாக் கருவாடும் வைத்து, துணியால் பொதிந்து ஊசி நூலால் தைத்து, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த வில்லட்டின் பழைய யுத்தகள விலாசத்தை அப்படியே எழுதி, பிளாசா மருந்துக்கடையின் தபால் மேசையில் கொடுத்தாள். தபால்குறி எண் இல்லையே என்றாள் அங்கே நின்ற பெண். சண்டை நடக்கிற இடத்தில் அதெல்லாம் இருக்காது என்று கிளடிஸ் சைகையில் சொன்னாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு ஐரோப்பாவுக்கான முத்திரையை ஒட்டி வாங்கிக்கொண்டாள்.

பார்சல் நூற்றுமுப்பத்தோராம் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. முன்பு அந்தப் பக்கத்தில் எலியைப் பற்றி மட்டுமே இருந்தது. இப்போது, தைத்த துணியைப் பிரித்தவுடன் எழுந்த மணத்தை எதிரியின் விஷவாயு என்று எண்ணிக் காவல்காரன் மணி அடித்ததும், படைப்பிரிவு முழுவதும் முகமூடி மாட்டிக்கொண்டு ஒன்றரை மணிநேரம் குந்தியிருந்ததும், பஸ்ரியன் மட்டும் முகமூடி போடாமல் கருவாட்டைத் தகரமூடியில் பொரித்துத் தின்றதும், கடைசியில் கப்ரனே ஒரு துண்டு கேட்டு வாங்கியதும் விவரமாக இருந்தன. மிச்ச மிளகாய்த்தூளை அவன் பொந்துகளில் புகைத்துவிட்டபடியால் எட்டு நாளுக்கு எலி வரவில்லை. இதை வாசித்த ஞாயிறு ஐந்தாம் மாடி முழுக்கச் சிரிப்பு. றெமிஜியஸ் நீதிமன்ற ஒழுங்கை மறந்து உட்கார்ந்துவிட்டார். "என்ர பிள்ளை சாப்பிட்டிட்டான்" என்று கிளடிஸ் பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

முதலியார்மாருக்கு வழக்கேட்டை முன்கூட்டியே புரட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. அந்த ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, றெமிஜியஸ் நூற்றெழுபதாம் பக்கத்தை வாசித்து முடித்து அடுத்த தாளைத் திருப்பினார். கண் ஓடியது, நின்றது. புத்தகத்தை மூடினார். "வழக்கு ஒத்திவைப்பு" என்றார். வந்திருந்தவர்கள் அதைப் பகிடி என்று நினைத்துத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். கிளடிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு அவளாகவே, "திரும்பத் தொண்ணூற்றாறிலிருந்து தொடங்குவமே?" என்றாள். அவரும் தொடங்கினார்.

அப்படிப் பத்தொன்பது மாதம் போயிற்று. ஊரில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் வன்னிக்கு நடந்தது. இங்கே பாலேஸ்வரிக்கு முட்டுவாதம் வந்து படியேற முடியாமல் போனது. வில்லட் நடமாட்டம் குறைந்து படுக்கையோடு ஒட்டிக்கொண்டார். புத்தகம் மட்டும் தொண்ணூற்றாறுக்கும் நூற்றெழுபதுக்கும் இடையில் செக்குமாடுபோலச் சுற்றியது. பஸ்ரியன் வந்து விழுந்தான், பாண் தின்றான், கருவாடு பொரித்தான், திரும்பவும் வந்து விழுந்தான். இப்படி வைத்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று கிளடிஸ் நம்பினாள். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் மெலிந்துகொண்டு வந்தான். அனுப்பிய காலுறை பதினோராவது வாசிப்பில் குதிக்காலில் கிழிந்தது. இன்னொரு பார்சல் அனுப்பினாள், அது நூற்றெழுபதுக்கு அப்பால் எங்கேயோ போய்விட்டதுபோலும், அவர்கள் வாசிக்கிற பக்கங்களில் வரவில்லை. 1997 தை மாதத்தில் நூற்றெழுபதாம் பக்கத்தின் அடியில் முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது. எத்தனை நாளைக்கு எங்களை இந்தக் குழிக்குள் வைத்திருக்கப் போகிறார்கள் என்று பஸ்ரியன் கேட்டான்.

அன்று கிளடிஸ் கணவரின் எதிரில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். "இஞ்சருங்கோ, அங்கால என்ன இருக்கு? ஒண்டும் மறைக்காமல் சொல்லுங்கோ." றெமிஜியஸ் எழுந்து நின்றார். சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஒன்பதாம் திகதி விடியப்புறம் தேத்தண்ணி வாளி எடுக்கிற முறை பஸ்ரியன்ரை. அவன் நித்திரை. நான் கூப்பிட்டுப் பாத்தன், எழும்பேல்லை. பாவம், படுக்கட்டும் எண்டு நான் போனன். நான் திரும்பி வரேக்கை பங்கர் இல்லை. ஆறு பேர்." பிறகு முதலியார் பெயர்களை வாசித்தார். ஆறாவது பெயரை அவர் விழுங்கவில்லை. கிளடிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசிக்காமல் விட்டால் பிள்ளை குழிக்குள்ளே கிடந்து தேய்ந்து போவான், வாசித்தால் ஒரு நிமிடத்தில் போய்விடுவான். ஒரு தாய்க்கு இரண்டில் எதைத் தெரிவு செய்வது? அவள் எழுந்து கோட்டைப் போட்டாள். "கிழவர் இன்னும் இருக்கிறார்தானே. வாருங்கோ" என்றாள்.

வில்லட்டுக்குத் தொண்ணூற்றொன்பது வயதாகியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் என்று தாதி சொல்லியிருந்தாள். பின்னேர வெயில் கட்டிலில் விழுந்திருந்தது, பேச்சுத் தெளிவாகத்தான் இருந்தது. கிளடிஸ் ஒரு பக்கம், றெமிஜியஸ் நடுவில். முதலியார் என்ற முறையில் அவர் இரண்டு பேருக்கும் 'நான்' ஆனார்.

"அண்டைக்கு அவனை எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள் கிளடிஸ்.

வில்லட் சொன்னதை றெமிஜியஸ் தமிழில் சொன்னார்: "மூண்டு தரம். தோளைப் பிடிச்சு உலுப்பியும் பாத்தன். அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க எழுப்ப மனம் வரேல்லை. எண்பது வருசமா அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடக்கிறன். இரக்கப்பட்டு அவனைக் கொண்டுபோட்டன்."

கிளடிஸ் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யாரென்றாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தன் வீட்டு விஷயம் பிறத்தியாருக்கு எப்படித் தெரியும்?

"ஐயா, கூப்பிட்டா அவன் எழும்பமாட்டான். உலுப்பினாலும் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பான். பள்ளிக்கூட நாளில எத்தினை காலமை நான் பட்ட பாடு! வலது கால் பெருவிரலைப் பிடிச்சு ஒரு இழுவை இழுங்கோ. ஏசிக்கொண்டு எழும்புவான். ஏசினால் ஏசட்டும்."

றெமிஜியஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னார். வலது கால் என்பதை இரண்டு தரம் சொன்னார். வில்லட்டுக்கு அது புதிய செய்தி. கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். றெமிஜியஸ் தமிழில், "நான் அவனை எழுப்புறன்" என்றார். அந்த 'நான்' யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது அவர் தன் உத்தியோகத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தன் சொந்தக் கேள்வியைக் கேட்டார், ஆங்கிலத்தில். அவன் தேநீர் எடுக்கப் போனால் நீங்கள் எங்கே இருப்பீர்கள், ஐயா? வில்லட் பதில் சொன்னார். அவன் எழுந்த இடத்தில்தான் படுத்திருப்பேன், பஸ்ரியனுடைய கம்பளி நல்ல சூடு, எண்பது வருடத் தேநீர் குடித்தாயிற்று, அவனும் குடிக்கட்டும்.

"என்னவாம்?" என்று கேட்டாள் கிளடிஸ்.

"குளிராதாம்" என்றார் றெமிஜியஸ். இருபத்தொன்பது வருடத்தில் அவர் குறைத்துச் சொன்ன ஒரே சாட்சியம் அது.

செவ்வாய்க்கிழமை கிளடிஸ் வேலைக்குப் போனபோது இருநூற்றுப் பதினாலாம் அறையில் வெளுத்து மடித்த துவாய்கள் அடுக்கியிருந்தன. அது எப்போதும் துவாய் அறைதான் என்றாள் மேற்பார்வைக்காரி. வில்லட் என்ற பெயர் பதிவேட்டில் இல்லை. மேசைக்கால்களுக்குக் கீழே புத்தகங்கள் இருந்தன. அட்டையில் பெயருக்குக் கீழ் 1897–1917 என்று இருந்தது, அதற்குக் கீழே சிறிய எழுத்தில், முடித்து வைத்தவர் ஒரு நண்பர் என்று இருந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மதியத்தோடு வீட்டுக்கு வந்தாள். றெமிஜியஸ் அன்று பிறம்ரனுக்குப் போகவில்லை, அவளுக்காகக் காத்திருந்தார்.

நூற்றெழுபத்தோராம் பக்கத்தை அவர் வாசித்தார். "பஸ்ரியன்ரை தாய் சொல்லித்தந்தபடி நான் வலது கால் பெருவிரலைப் பிடிச்சு இழுத்தன். எனக்கு விளங்காத பாஷையில ஏசிக்கொண்டு எழும்பினான். வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் அவன்ரை கம்பளிக்குள்ள பூந்து படுத்தன். நல்ல சூடு." அதோடு வில்லட் எழுதியது முடிந்திருந்தது. அடுத்த வசனத்தின் ஆங்கிலம் வேறு ஒருவருடையது, பள்ளிக்கூடத்து ஆங்கிலம், ஒருமை பன்மை தவறியிருந்தது. பழைய றெமிஜியஸ் என்றால் சிவப்புப் பேனை எடுத்திருப்பார். "நான் தேத்தண்ணியோட திரும்பி வந்தன்," என்று வாசித்தார், "பங்கர் இருந்த இடத்தில ஒண்டும் இல்லை. நான் வில்லட்டை வெறுங்கையால தோண்டி எடுத்தன். நான் அவருக்குக் குருசு செய்து நட்டன். நான் துவக்கை அதுக்குப் பக்கத்தில வைச்சிட்டு நடக்கத் தொடங்கினன்." மகனுடைய 'நான்' அவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது, அறுபத்தொன்பது பக்கத்துக்கு. நிறுத்தாமல் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் பஸ்ரியன் காட்டுப் பாதையில் நடந்து, மரங்களின் கீழ் ஆயிரக்கணக்கான அகதிகள் கூடாரம் போட்டிருந்த ஒரு பெரிய கோவிலைக் கண்டான். பெல்ஜியத்தில் அப்படி ஒரு கோவில் இல்லை. அது மடுக் கோவில் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்தத் தாள் காய்ந்திருந்தது.

அப்போதுதான் றெமிஜியஸ் அன்று குறைத்துச் சொன்னதைச் சொன்னார். கிளடிஸ் அவரை ஏசவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். "அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்தானே" என்றாள். இந்த நகரத்திலேயே, ஏதோ ஒரு வீதியில், எண்பது வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் ஒரு தந்தி வந்திருக்கும். அவள் கால்விரலைச் சொல்லிக்கொடுக்கும்வரை அந்தத் தந்தி வந்ததில்லை. அதை அனுப்பியது தானே என்று அவளுக்குத் தோன்றியது. மகன் கிடைத்துவிட்டான் என்று துள்ள வேண்டிய நாளில் அவள் முன்பின் காணாத ஒரு வெள்ளைக்காரிக்காக அழுதாள். அது உண்மையான அழுகை. றெமிஜியஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நிறுத்தும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பங்குனி மாதத்தில் மன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது. மடுவில் காய்ச்சலாகக் கிடந்ததாகவும், இப்போது சுகம் என்றும், சாமியார் ஒருவருடைய அறையிலிருந்து பேசுவதாகவும் பஸ்ரியன் சொன்னான். "தை மாசம் ஒருநாள் விடியப்புறம் ஆரோ கால் விரலைப் பிடிச்சு இழுத்தது. நான் நீங்கள் எண்டு நினைச்சு ஏசினன் அம்மா. கண்ணை முழிச்சா ஒருத்தரும் இல்லை. சரி எண்டு சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் போனன். நான் போன பிறகுதான் ஷெல் விழுந்தது." கிளடிஸ் றிசீவரைக் கணவரிடம் நீட்டினாள். றெமிஜியஸ் அதைக் காதில் வைத்துக்கொண்டு, "நான்..." என்றார். பிறகு, "நான் அண்டைக்குப் போ எண்டு சொன்னது..." என்றார். மற்றப் பக்கத்தில் மகன், "தெரியும் அப்பா. அங்க குளிரோ?" என்று கேட்டான். குளிர்தான் என்றார் அவர். பிறகு இரண்டு பேரும் குளிரைப் பற்றியே இணைப்பு அறும்வரை பேசினார்கள்.

பஸ்ரியன் 1998 கோடையில் வந்து சேர்ந்தான். பிறம்ரனில் தகப்பன் வேலை செய்த கிட்டங்கியிலேயே பாரம் ஏற்றுகிற வேலை கிடைத்தது. புத்தகத்தைக் கொடுத்தார்கள், படித்தான். பெல்ஜியம் தனக்கு ஞாபகமில்லை என்றும் சேறு ஞாபகம் இருக்கிறது என்றும் சொன்னான். கருவாடு பொரித்த பக்கத்தை மட்டும் இரண்டு தரம் படித்தான். பிறகு அதைப் பாலேஸ்வரிக்குக் கொடுக்கச் சொன்னான், அவளுடைய மகளிடமிருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை.

அந்த வருடம் கார்த்திகை மாதம் மரித்த விசுவாசிகள் நாளுக்கு முன், தமிழ்ப் பங்குக் காரியாலயத்தில் வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பூசையில் வாசிப்பதற்கு. எழுதியவள் றோஸ்மேரி என்ற பேசாலைக்காரி, கிளடிஸின் குடும்பத்தை ஊரிலிருந்தே அறிந்தவள். கிளடிஸ் தன் தாய் தகப்பன் பெயரைச் சொன்னாள், றெமிஜியஸ் தன்னுடையவர்களின் பெயரைச் சொன்னார். பிறகு கிளடிஸ், "வோல்ரர் வில்லட்" என்றாள்.

றோஸ்மேரி நிமிர்ந்து பார்த்தாள். "உவர் உங்களுக்கு என்ன முறை அக்கா?"

கிளடிஸ் கணவரைப் பார்த்தாள். முதலியார் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"மகன். மூத்தவன்."

"வயசு?"

"இருபது."

றோஸ்மேரி அப்படியே எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு கார்த்திகையும் அந்தப் பட்டியல் வாசிக்கப்படுகிறது. அகர வரிசைப்படி வில்லட் கடைசியில் வருவார். அதற்குள் பாதிச் சனம் பார்க்கிங்கில் கார் எடுக்கப் போய்விடும். அந்த மூன்று பேரும் எழுந்து நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.